ஓய்வில் எடுத்த படம்

எங்கள் வீட்டில் வாயைவிடக் கைதான் முதலில் பேசும். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டை உருவுவார். ஆனால் எங்கள் வீட்டில் அக்காவும் தம்பியும்தான் ஒருவருக்கொருவர் உதவினோம். நான் வாங்கும்போது தம்பி குறுக்கே விழுவான், அவன் வாங்கும்போது நான் விழுவேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். போகும்போது கையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கையால் தம்பி தன் மனைவியின் இடது காதைச் செவிடாக்கினான். அவள் தையல்காரி, வாசல் அறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பாள். யாராவது பேசினால் வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பாள். ஒருமுறை ஓடிப்போகப் பார்த்தாள். பேருந்து கிளம்புவதற்குள் தம்பி வந்துவிட்டான். முடியைப் பிடித்துப் படிக்கட்டு வழியாக இழுத்துப் போட்டான். அத்தனை பயணிகளும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள்.

"போலீசுக்குப் போகலாம் வா" என்று நான் கூப்பிடாத நாளில்லை. வரமாட்டாள்.

"புகார் குடுத்தா அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுலதானேக்கா நான் படுக்கணும்? எனக்கு அரைநாள் போதும். அந்த அரைநாள் அவர் எழுந்து வரக்கூடாது. அவ்வளவுதான்" என்பாள்.

தம்பியைக் கேட்டால் அழுவான். உண்மையாகவே அழுவான், என் காலைப் பிடித்துக்கொள்வான். "கை தானா எந்திரிச்சுடுதுக்கா. நான் என்ன பண்ண? என்னால அடக்க முடியல" என்பான். நான் அதை நம்பினேன். அப்பாவின் கையைப் பார்த்து வளர்ந்தவள் வேறு எதை நம்புவாள்? அந்தக் கை ஒருநாள் அவளைக் கொல்லும் என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

நான் செய்வது படம் எடுக்கும் வேலை. ஆட்களை அல்ல, பூஞ்சையின் புரதத்தை. தக்காளியைச் சாம்பல் பூசினாற்போல் மூடி அழுகவைக்கிற பூஞ்சை ஒன்று இருக்கிறது. இழை இழையாக வளரும். இழையின் நுனிக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தால்தான் நுனி நீளும். அந்தச் சரக்கைச் சுமந்துகொண்டு இழைக்குள்ளே நடக்கிற கூலிக்காரப் புரதத்துக்கு மோட்டார் புரதம் என்று பெயர். அதன் காலில் ஒரு பள்ளம் உண்டு. பள்ளத்தில் எதையாவது செருகிவிட்டால் எடுத்த அடியை வைக்க முடியாமல் அப்படியே நின்றுவிடும். சரக்கு போகாது, பூஞ்சை சாகும். செருகுவதற்கு நாங்கள் செய்த மருந்துக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருக்கிறது. ஆய்வகத்தில் எல்லோரும் அதை ஆப்பு என்றுதான் சொல்வோம்.

சிக்கல் என்னவென்றால், மனிதத் தசையிலும் இதே குடும்பத்து மோட்டார் இருக்கிறது. கை ஓங்குவது, காலால் உதைப்பது எல்லாம் அதன் வேலைதான். ஆப்பு அங்கேயும் மாட்டினால் மருந்து விஷமாகிவிடும். அதனால் மனித மோட்டாரையும் மெல்லிய பனிப்படலத்தில் உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் லட்சக்கணக்கான படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று சேர்த்து உருவத்தைப் பார்த்தோம். பள்ளம் இறுக மூடியிருந்தது. ஆப்புக்கு அங்கே இடமே இல்லை. எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தோம். எல்லா எலியும் தின்றுவிட்டுத் தூங்கின. எங்கள் இயக்குநர் குரலை உயர்த்தாத மனிதர், சிரிக்கும்போதுகூடப் பல் தெரியாது. அன்று கைதட்டினார். தக்காளி வளர்க்கிற பசுமைக் குடிலில் தெளித்துப் பார்க்க அனுமதியும் வந்தது. தெளிக்க ஆள் வேண்டும் என்றார்கள். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் மனைவிக்குத்தான் ஆபத்து என்று தம்பியை நான்தான் சேர்த்துவிட்டேன்.

தெளிப்பதற்கு முந்தைய வாரம் எலிக்கூடத்துப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், கூண்டு கழுவுறப்ப தெரியாம மருந்து குடுத்த ரெண்டு ஆண் எலியை ஒண்ணா விட்டுட்டாங்க. வந்து பாருங்க."

இரண்டும் செத்துக் கிடந்தன. ஒன்றின் பல் இன்னொன்றின் கழுத்தில் பதிந்திருந்தது. உடம்பில் சூடு இன்னும் இருந்தது, ஆனால் விறகுபோல விறைத்திருந்தன. பிரித்துப் பார்த்தேன், முடியவில்லை. பொறுப்பாளர் கத்திரிக்கோலை வைத்துத் தாடையை நறுக்கித்தான் பிரித்தார்.

"சண்டை போட்டுச் செத்தது கணக்குல வராதுல்ல மேடம்? எடுத்துப் போட்டுடறேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். மருந்தால் சாகாமல் ஒன்றையொன்று கடித்துச் செத்த எலியைச் சோதனைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது எங்கள் வழக்கம்.

ஆனால் எனக்குக் கை ஓடவில்லை. கடிபட்ட எலி செத்தது சரி, கடித்த எலி ஏன் செத்தது? அதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆண் எலிகள் சண்டை போடும் என்பதற்காகத்தான் ஒவ்வொன்றையும் தனிக் கூண்டில் அடைத்திருந்தோம். ஓட இடமில்லை, கடிக்க ஆளில்லை. எங்கள் எலிகள் அத்தனையும் சும்மா படுத்துக் கிடந்த எலிகள். அதேபோல நாங்கள் படம் எடுத்த மனித மோட்டாரும் ஓய்வில் மடங்கிக் கிடந்த மோட்டார். தூங்குகிறவனின் மூடிய வாயைப் பார்த்துவிட்டு இவனுக்குப் பல்லே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மறுபடி படம் எடுத்தேன். இந்தத் தடவை மனித மோட்டாருக்கு எரிபொருள் கொடுத்து, அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே உறையவைத்தேன். இதயத்துக்கும் சாதாரண மூச்சுக்கும் உதவுகிற மெதுவான மோட்டாரில் ஒன்றும் இல்லை. அடிக்கவும் ஓடவும் உதவுகிற வேகமான மோட்டாரில் பள்ளம் 'ஆ'வென்று திறந்திருந்தது. அதற்குள் ஆப்பு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நுழைந்தபின் எளிதில் வெளியே வராது, அந்தத் தசை அப்படியே பூட்டிக்கொள்ளும். ஆப்பு உடம்புக்குள் போனவன் சும்மா இருக்கும்வரை பிழைத்துக் கிடப்பான். கையை ஓங்கினால் செத்தான்.

படத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினேன். அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சண்டையில செத்த எலி கணக்குல வராதும்மா" என்றார்.

"கடிச்ச எலி எப்படி சார் செத்துச்சு?"

"அதை அடுத்த கட்டத்துல பார்ப்போம். இன்னிக்குக் காலையிலயே தெளிக்க ஆரம்பிச்சாச்சு. இப்போ நிறுத்தினா கேள்வி வரும்."

எனக்கும் அப்பாவின் ரத்தம்தானே? மேசையிலிருந்த கண்ணாடி உருண்டையை எடுத்து வீசினேன். அது அவர் காதோரமாகப் போய்ப் பின்னால் இருந்த அலமாரிக் கண்ணாடியைச் சுக்கு நூறாக்கியது. கன்னத்தில் சில்லு கீறி ரத்தம் வழிந்தது. அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. "இதுக்கு நீ வருத்தப்படுவே" என்றார். என் தம்பி கையால் அடிப்பான், இவர் கையெழுத்தால் அடிப்பவர். நான் குடிலுக்கு ஓடினேன்.

குடிலுக்குள் வெயிலும் ஈரமும் சேர்ந்து மூச்சை அடைத்தது. தக்காளி வரிசைகளின் கடைசியில் கூட்டமும் கூச்சலும். தெளிப்பான் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டு தம்பியின் முகம், வாய், மார்பு எல்லாம் மருந்து பீய்ச்சியடித்திருக்கிறது. கழுவிவிட்டு வருகிறேன் என்றிருக்கிறான். இந்த வரிசையை முடித்துவிட்டுப் போ என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். என் தம்பியிடம் அப்படிச் சொல்லக்கூடாது என்பது அந்த மனிதருக்குத் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி அவரைத் தக்காளிக் கொடி கட்டியிருந்த கம்பத்தோடு சேர்த்து வைத்து அடித்துக்கொண்டிருந்தான். இடது கையால் சட்டைக் காலரைப் பிடித்து, வலது கையால் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி குத்தினான். பல் ஒன்று தெறித்துத் தக்காளிப் பாத்தியில் விழுந்தது. ஒவ்வொரு குத்துக்கும் கம்பம் ஆடி, காய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"டேய், நிறுத்துடா! உயிர் போயிடும்டா!" என்று கத்தினேன். சூப்பர்வைசரைச் சொல்கிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அடுத்த குத்துக்கு ஓங்கிய கை தலைக்கு மேலே போய் அங்கேயே நின்றது. அவன் இறக்கப் பார்த்தான். இறங்கவில்லை. முகத்தில் கோபம் போய்க் குழப்பம் வந்தது. தோளிலிருந்து விரல்வரை தசை முறுக்கிக்கொண்டு கயிறுகயிறாகப் புடைத்தது. பிறகு அவன் அலறினான். அப்பாவின் பெல்ட்டுக்குக்கூட அவன் அப்படி அலறியதில்லை. காலரைப் பிடித்திருந்த இடது விரல்களும் பூட்டிக்கொண்டன. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் பிரிக்க முடியவில்லை. செடி நறுக்கும் கத்திரியை எடுத்து நான்தான் காலரை வெட்டினேன். சூப்பர்வைசர் ரத்தத்தோடு சரிந்து விழுந்தார். தம்பி கிழிந்த காலரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"அசையாதே. கோபப்படாதே. என் மூஞ்சியைப் பாரு. மூச்சை மெதுவா விடு" என்றேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் என் பேச்சைக் கேட்டான்.

மருத்துவமனையில் அவனுடைய சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வந்தது. பூட்டிக்கொண்ட தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்றார் டாக்டர். இளம்பெண், நான் கொடுத்த படத்தை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். சிறுநீரகத்தைக் காப்பாற்றினார், கையும் மெல்ல இறங்கியது. ஆனால் ரத்தத்தில் ஆப்பு இன்னும் மீதி இருந்தது. அதை வெளியே எடுக்க மருந்தில்லை, உடம்பு தானாகக் கழித்தால்தான் உண்டு. மாஸ்க் போட்டிருந்த மற்ற ஆட்களைப் படுக்கவைத்துப் பார்த்து அனுப்பினார்கள். நான் படத்தைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பியதும் தெளிப்பு நின்றது. இயக்குநர் கன்னத்தில் பிளாஸ்திரியோடு குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

தம்பியை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "மெதுவா நடக்கலாம், சாப்பிடலாம். ஓடக்கூடாது, தூக்கக்கூடாது, கை ஓங்கக்கூடாது. மார்புத் தசை பூட்டிக்கிட்டா மூச்சு நின்னுடும். ரத்தத்தைத் தினமும் சோதிக்கணும். அதைக் கண்டுபிடிக்கிற கருவி உங்க ஆய்வகத்துல மட்டும்தான் இருக்கு. நீங்க சுத்தம்னு சொல்றவரைக்கும் அவர் நாற்காலியிலயே இருக்கட்டும்."

ஜன்னலோரம் கைவைத்த நாற்காலியில் அவனை உட்காரவைத்தோம். தினமும் காலையில் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு போவேன்.

சமையலறையில் தையல்காரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே என் பக்கம் வலது காதைத் திருப்பினாள்.

"உண்மையைச் சொல்லுங்கக்கா. இப்ப அவர் என்னை அடிச்சா?"

"செத்துடுவான்."

கத்தி நின்றது. அவள் அடுப்பை அணைத்தாள்.  அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் கை எழும்பும், அவள் கதை முடியாமல் அவன் கதை முடிந்துவிடும். அவள் அப்படிச் செய்தால் அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனாலும் அவன் என் தம்பி. பெல்ட்டுக்குக் குறுக்கே விழுந்தவன்.

"எதுவும் பண்ணிடாதேம்மா."

"நான் என்னக்கா பண்ணப்போறேன்? பேசத்தான் போறேன்."

முக்காலியை இழுத்து அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவள் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பேசினாள். குழம்பில் உப்பு கூடியதற்கு விழுந்த அடி, வாடிக்கைக்காரியிடம் சிரித்ததற்கு விழுந்த அடி, விலா உடைந்து தும்மக்கூட முடியாமல் தைத்துக்கொடுத்த கல்யாண ரவிக்கை. காது போன அன்று உள்ளே 'ஙொய்' என்று ஒரு சத்தம் ஆரம்பித்ததாம், இன்றுவரை நிற்கவில்லையாம். துணி அளவு சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

தம்பிக்கு வியர்த்துக் கொட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. "அக்கா, இவளை வாயை மூடச் சொல்லு. கை எந்திரிக்குதுக்கா" என்றான். அவனைப் பிடித்து அமுக்கவும் பயம். அமுக்கினால் திமிறுவான், திமிறினால் போச்சு. அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, "மூச்சை விடு, மெதுவா விடு" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. அன்று பிழைத்தான்.

மறுநாளும் அவள் பேசினாள். அதற்கடுத்த நாள் அவன் பேசினான். கத்தவில்லை. கத்தினால் பாத்திரத்தை உடைப்பான், அதோடு விட்டுவிடுவான். குரல் தாழ்ந்தால்தான் பயப்படவேண்டும். அப்பாவும் அப்படித்தான்.

"ரத்தம் சுத்தமாகட்டும்டி. முதல் வேலையா உன் வலது காது. அப்புறம் உன் கையைத் தையல் மிஷின்ல வெச்சு ஓட்டுவேன். கடைசியாத்தான் கழுத்து. அவசரமே இல்ல."

அவள் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி விரலில் ஏறி ஒரு பொட்டு ரத்தம் துணியில் ஊறியது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.  இவன் செய்வான். சொன்னபடி, சொன்ன வரிசையில் செய்வான்.

அன்று எடுத்துப்போன ரத்தத்தில் ஆப்பு இல்லை. கருவியைக் கழுவி மறுபடி ஓட்டினேன். துளிக்கூட இல்லை. தம்பி பிழைத்துவிட்டான். சந்தோஷமாக இருந்தது, மறைக்கமாட்டேன், ஆய்வகத்துக் கழுவுதொட்டிக்கு முன்னால் நின்று அழுதேன். அழுது முடித்ததும் அந்தத் தையல் மிஷின் ஞாபகம் வந்தது.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"போயிடுச்சாக்கா?" என்றான்.

"இல்லடா" என்றேன். "கூடியிருக்கு. கொழுப்புல ஒளிஞ்சிருந்தது இப்பதான் ரத்தத்துக்கு வருது. விரலைக்கூட வேகமா மடக்காதே."

இப்படி ஒரு முடிவை மறைத்ததற்காகத்தான் நான் இயக்குநர் மண்டைக்குக் குறிவைத்தேன். இப்போது நானே ஒரு பொய்யான முடிவைச் சொல்லிவிட்டு, குரல் நடுங்காமல் தையல்காரியின் வலது காதுப் பக்கம் திரும்பினேன்.

"அரைநாள் கேட்டியேம்மா. பையை எடு."

அவள் உள்ளேபோய்ப் பையை எடுத்துவந்தாள். பிறகு இரண்டு புடவை, கத்திரிக்கோல், அளவு டேப், மருந்துச் சீட்டு என்று பையில் போட ஆரம்பித்தாள். மிஷினின் தலையைக் கழற்றி நான் துணியில் சுற்றினேன். நல்ல கனம்.

"அக்கா, நீயுமா?" என்றான் தம்பி. "எங்கடி போறே? உட்காருடி!"

அவள் பையோடு வாசலுக்குப் போனாள். பாதி வழியில் நின்று திரும்பிவந்து அவன் முன்னால் குனிந்து, வலது காதை அவன் கைப்பக்கம் காட்டினாள்.

"இதைத்தானே கேட்டீங்க? அடிங்க."

அவன் முகம் கறுத்தது. கை எழும்பியது. தானாகத்தான் எழும்பியது, நாற்காலியின் பிடியிலிருந்து மார்புவரை, மார்பிலிருந்து தோள்வரை. பூட்டிக்கொள்ளாது என்று எனக்கு மட்டும் தெரியும். நான் மிஷின் தலையை இறுகப் பிடித்தேன். அந்தக் கை அவள்மேல் விழுந்தால் இதை அவன் மண்டையில் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கை தோளுயரத்தில் நின்றது. அவன் அதைப் பார்த்தான். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அவனே அதை இறக்கி முட்டியின்மேல் வைத்துக்கொண்டான்.

அவளும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியுதே உங்களால" என்றாள்.

அவளைத் தொலைதூரப் பேருந்தில் ஏற்றி, மிஷினை அவள் காலடியில் வைத்தேன். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை, தெரிந்துவைத்திருந்தால் தம்பி என்னிடமிருந்து அடித்து வாங்கிவிடுவான். பேருந்து கிளம்பி எவ்வளவோ நேரம் கழிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பிப் போனேன்.

தம்பி நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே இருந்தான். கை முட்டியின் மேலேயே இருந்தது. உதடு காய்ந்திருந்தது, தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். பிறகு சொன்னேன்.

"உன் ரத்தம் காலையிலயே சுத்தமாயிடுச்சுடா. நான் பொய் சொன்னேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுந்து நின்றான்.

"கீழ இறக்கு" என்றேன். "உன்னால முடியும். நான் பார்த்தேன்."

அடித்தான். இடது கன்னமும் காதும் சேர்ந்து வாங்கின. சுவரில் மோதிக் கீழே விழுந்தேன். அப்புறம் உதைத்தான், எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்து அவனைப் பிடித்தார்கள். காதுக்குள் 'ஙொய்' என்று சத்தம் கேட்டது. அவள் சொன்ன சத்தம் இதுதான் என்று தெரிந்தது.

சண்டையில் விழுந்தது கணக்கில் வராது என்பது ஆய்வகத்து வழக்கம். நான் காவல் நிலையத்துக்குப் போய் எல்லா அடியையும் கணக்கில் சேர்க்கச் சொன்னேன், என்மேல் விழுந்ததையும் அவள்மேல் விழுந்ததையும். தம்பியை என் எதிரில் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"கை தானா எந்திரிச்சுடுது சார். என்னால அடக்க முடியல" என்றான்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். காலையில் அந்த நாற்காலியில் நான் பார்த்ததைச் சொன்னேன்.